கடைசி வாங்கு வரை ஒரு குரல்: வகுப்பறை ஒலிபெருக்கியின் வரலாறும் எமது கல்லூரியும்

நூற்றாண்டு மலர்களில் கட்டடங்களின் வரலாறு இடம்பெறும். அதிபர்களின் வரிசை இடம்பெறும். பரீட்சைப் பெறுபேறுகளும் விளையாட்டுச் சாதனைகளும் இடம்பெறும். ஆசிரியையின் குரல் எத்தனையாவது வாங்கு வரை சென்று சேர்ந்தது என்பதை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் எமக்குக் கிடைத்த கல்வியில் பெரும்பங்கு அந்தக் குரலின் வழியாகவே வந்தது.

நூற்றாண்டு நினைவாக வகுப்பறைகளுக்கு ஒலிபெருக்கி பொருத்தலாம் என்ற யோசனை பழைய மாணவிகளிடையே சில காலமாகப் பேசப்பட்டு வருகிறது. "பள்ளிக்கூடத்தில சத்தம் காணாதெண்டோ ஸ்பீக்கர் வாங்கப் போறியள்?" என்று புலம்பெயர்ந்து வாழும் எமது தோழி ஒருத்தி கேட்டாள். கேலியாகக் கேட்டாலும் அது நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலை வரலாற்றிலும் மருத்துவத்திலும் தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

எமது கல்லூரியின் வயதும் ஒலிபெருக்கியின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. 1915ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள், பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இரு பொறியியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பெருங்கூட்டத்துக்குத் தமது ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினார்கள். 1919இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோ நகரில் ஏறத்தாழ 50,000 பேருக்கு அத்தகைய கருவியின் துணையுடன் உரையாற்றினார். இலங்கையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பர் 1923இல் பரீட்சார்த்த ஒலிபரப்பைச் செய்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது.

இந்த வரலாறு முழுவதும் கூட்டத்தின் வரலாறு. ஒலிபெருக்கி ஆயிரம் பேருக்காகப் பிறந்தது. நாற்பது பேருக்காக அல்ல. எமது ஊரிலும் அது கோவில் திருவிழாவுக்கும் தேர்தல் மேடைக்கும் படமாளிகைக்கும் உரியதாகவே இருந்தது. கல்லூரிக்குள் வந்தபோதும் காலைப் பிரார்த்தனையோடும் இல்ல விளையாட்டுப் போட்டியோடும் பரிசளிப்பு விழாவோடும் நின்றுவிட்டது. விழா முடிந்ததும் ஒலிவாங்கி அலுமாரிக்குள் போய்விடும். மறுநாள் வகுப்பில் ரீச்சரின் தொண்டைதான் ஒலிபெருக்கி.

வகுப்பறையில் கேட்பது என்பது தனியான ஒரு சங்கதி என்று உலகுக்கு உணர்த்தியவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வோலஸ் சபைன். 1895இல் அப்பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற முறைப்பாட்டை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கு ஒரு சொல்லின் எதிரொலி ஏறத்தாழ 5.5 செக்கன் நீடித்தது. அதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்தன. இன்னொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி எவ்வளவு விரைவாக அடங்குகிறது என அளந்தார். குரல் எவ்வளவு பலமானது என்பது மட்டுமல்ல, அறை அந்தக் குரலை என்ன செய்கிறது என்பதும் முக்கியம் என்று அவர் நிறுவினார்.

எமது வகுப்பறைகளின் சிக்கல் அதற்கு நேர்மாறானது. வன்னியின் வெக்கைக்கு ஏற்ற அரைச்சுவர் கட்டடங்கள் அவை. எதிரொலி வெளியே போய்விடும்; ஆனால் வெளிச்சத்தம் முழுவதும் உள்ளே வரும். நீண்ட மண்டபத்தில் மறைப்புத் தட்டிகளால் பிரிக்கப்பட்ட வகுப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் தேவாரம், நடுவில் விஞ்ஞானம். ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரையில் மழை இறங்கினால் ரீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு வெண்கட்டியைக் கையில் எடுத்துவிடுவார்.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீற்றர் தூரத்தில் 65 டெசிபெல்லாக இருக்கும் குரல் 2 மீற்றரில் 59, 4 மீற்றரில் 53, 8 மீற்றரில் 47 என இறங்கும். அறைக்குள் சுவர்களின் பிரதிபலிப்பு சிறிது கைகொடுக்கும். அரைச்சுவர் அறையில் அதுவும் சொற்பம். பாடம் தெளிவாக விளங்க, ஆசிரியரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபெல்லாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது செவியியலாளர் பலரின் கணிப்பு. வகுப்பு நேரத்தில் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. பக்கத்து வகுப்பின் பேச்சு மட்டுமே அதைத் தாண்டிவிடும். முன்வாங்குப் பிள்ளையும் பின்வாங்குப் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தாலும் ஒரே பாடத்தைக் கேட்பதில்லை.

இதில் முதலில் தொலைந்து போவன மெய்யொலிகள். உயிரொலிகள் வலுவானவை, தூரம் போகும். மெய்யொலிகள் மெலிந்தவை. "பல்லி" என்றாரா "பள்ளி" என்றாரா, "மரம்" என்றாரா "மறம்" என்றாரா என்பது பின்வாங்கில் ஊகமாகிவிடும். வளர்ந்தவர்கள் விடுபட்டதை அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கையிருப்பு இல்லை. ஆங்கிலமும் சிங்களமும் படிக்கும்போது அது இன்னும் குறைவு. சொல்வதெழுதலில் தொடர்ந்து பிழைவிட்ட எத்தனை பேர் உண்மையில் எழுத்துத் தெரியாதவர்கள், எத்தனை பேர் கேட்காதவர்கள் என்று அந்த நாட்களில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

எமது தலைமுறையின் வகுப்பறையில் வேறு சத்தங்களும் இருந்தன. 1990இல் போர் மீண்டும் வெடித்த பின் இந்நகரம் இடம்பெயர்ந்தோரின் நகரமாயிற்று. 1995இன் வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மூவர் இருக்கும் வாங்கில் ஐவர் இருந்தோம். 1997 மே 13ஆம் திகதி ஏ-9 வீதி வழியே ஜெயசிக்குறு நடவடிக்கை ஆரம்பமான பின், ஷெல் போகும் ஓசைக்கு நடுவே க.பொ.த. பரீட்சைக்குப் படித்தோம். முழக்கம் ஓயும்வரை பொறுத்திருந்து, விட்ட வசனத்தின் நடுவிலிருந்து பாடத்தைத் தொடர எமது ஆசிரியைகள் பழகியிருந்தார்கள்.

தாண்டிக்குளத்துக்கு அப்பால் நிலைமை வேறு. உலர்மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவை மிதித்த கதையை அங்கிருந்து வந்த தோழிகள் சொன்னார்கள். மின்கலத்தால் இயங்கும் செவிப்புலன் உதவிக்கருவி அணிந்த பிள்ளை அந்த ஆண்டுகளில் என்ன செய்திருப்பாள் என்று அப்போது நாம் நினைத்துப் பார்க்கவில்லை. மருத்துவம் படித்த பிறகே நினைத்தோம்.

அண்மையில் வெடிக்கும் ஷெல் செவிப்பறையைக் கிழிக்கக்கூடும். கிழிந்த செவிப்பறை பல வேளைகளில் தானாக ஆறிவிடும்; உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளரா. அந்தச் சேதம் பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர் சுருதியில்தான் முதலில் தெரியும். மெய்யொலிகளில் பலவற்றுக்கு வேண்டிய பகுதியும் அதையொட்டியதே. ஆகவே அப்பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், ஆனால் கவனமில்லை" என்று பெயர் வாங்குவாள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களின் தற்காலிகக் கொட்டகைகளில் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று ஆசிரியைகள், சிலர் தாய்மார். போர் ஒருபுறம் இருக்க, காதில் சீழ் வடியும் நடுச்செவி நோயும் பிள்ளைகளின் கேட்கும் திறனைச் சத்தமில்லாமல் குறைத்து வருகிறது.

முற்றாகச் செவிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கு இரத்மலானையில் 1912இலேயே பாடசாலை தோன்றியது; வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை பெரும்பணி ஆற்றியுள்ளது. ஆனால் அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை அங்கு போவதில்லை. அவள் எங்கள் வகுப்பில்தான், பெரும்பாலும் கடைசி வாங்கில், இருக்கிறாள்.

அத்தகைய பிள்ளைகளுக்காகவே ஒலிபெருக்கி வகுப்பறைக்கு வந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தின் தென்பகுதியில், சிறிதளவு செவிப்புலன் குறைந்த மாணவர்களை வேறு அறைக்கு அனுப்பி விசேடமாகக் கற்பிப்பதா, அல்லது சாதாரண வகுப்பிலேயே ஆசிரியரின் குரலைச் சற்று உயர்த்துவதா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குரலை உயர்த்திய வகுப்புகளில் பிள்ளைகள் நன்கு முன்னேறினார்கள். செலவும் குறைவாக இருந்தது. ஆசிரியர் உடலில் அணியும் சிறிய ஒலிவாங்கி கைக்கெட்டியதற்கு, 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் உருவாக்கிய எலெக்ரெட் ஒலிவாங்கி பெருந்துணையாயிற்று.

மறுப்பும் எழுந்தது. சிறிய சாதாரண வகுப்பறைகளில் ஒலிபெருக்கியை வழமையாக்கலாகாது, முதலில் அறையைத் திருத்துங்கள் என்று அமெரிக்க ஒலியியற் கழகம் 2000களில் கூறியது. எதிரொலிக்கும் அறையில் ஒலியைக் கூட்டினால் குழப்பமும் கூடும். பக்கத்து வகுப்புக்கும் இடைஞ்சல். எமது தட்டி மண்டபத்துக்கு இந்த எச்சரிக்கை முழுவதும் பொருந்தும்.

ஆசிரியைகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுற்றுச் சத்தம் கூடும்போது மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் எழுதினார். நாளொன்றுக்கு ஐந்தாறு பாடவேளை இவ்வாறு குரலை உயர்த்துபவரின் குரல்நாண்களில் கணுக்கள் தோன்றலாம். குரல் கம்மிச் சிகிச்சைக்கு வருவோரில் ஆசிரியைகளைக் காணும் போதெல்லாம் எமக்கு எமது கல்லூரியின் நினைவு வருகிறது.

கடந்த விடுமுறையில் எம்மில் சிலர் இரவல் வாங்கிய கருவியொன்றை வெறும் வகுப்பறையில் பொருத்திப் பார்த்தோம். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரே பெரிய ஒலிபெருக்கியை வைத்தபோது முன்வாங்கு அதிர்ந்தது. பின்வாங்கில் பயன் சிறிது. ஒலிவாங்கி அணிந்தவர் அதன் முன்னால் போனதும் ஊளையிட்டது. பிறகு நான்கு சிறிய ஒலிபெருக்கிகளைச் சுவர்களில், இருந்திருக்கும் பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே, வாங்குகளை நோக்கிப் பொருத்தினோம். ஒலிவாங்கி வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் இருந்தது. ஊளை தொடங்கும் வரை ஒலியைக் கூட்டி, பின்பு அது அறவே நிற்கும்வரை குறைத்தோம். முழங்கும் தாழ்சுருதியையும் குறைத்தோம். இறுதியில் ஒருத்தி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று "பல்லி, பள்ளி, மரம், மறம்" என வாசிக்க, மற்றவர்கள் ஒவ்வொரு வாங்காக மாறியிருந்து எழுதினோம். கருவியை நிறுத்தி எழுதியதையும் இயக்கி எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பின்வாங்கின் இரண்டு தாள்களும் ஒன்றாக இருக்கவில்லை. கருவி இயங்குவதே தெரியாத அளவுக்குத்தான் சத்தம் இருந்தது. எங்கள் தோழியின் கேள்விக்கு அதுவே பதில்: வாங்கப்போவது சத்தம் அல்ல.

ஆகவே நூற்றாண்டு நிதிக்குப் பொறுப்பானோருக்கு எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, மழைச் சத்தத்துக்கு எந்த ஒலிபெருக்கியும் ஈடாகாது. தகரக் கூரைகளுக்குச் சீலிங் அடிப்பதும் தட்டிகளுக்குப் பதிலாகச் சுவர் எழுப்புவதும் முன்னுரிமை பெறட்டும். இரண்டாவது, எல்லா வகுப்புக்கும் ஒரே நாளில் வாங்காமல், சுவருள்ள ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் தொடங்குவோம். மின்கலங்களுக்கு மின்னேற்றவும் பழுது பார்க்கவும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அச்செலவுக்கும் பணம் ஒதுக்குவோம். இல்லையேல் இதுவும் அலுமாரிக்குள் போய்விடும். மூன்றாவது, பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது செவிப்புலன் குறைவென ஐயப்படும் பிள்ளைகளை முறையான சோதனைக்கு அனுப்பிவைக்கும் பணியில் பழைய மாணவிகளான மருத்துவர்களும் தாதியரும் தோள் கொடுப்போம். செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு ஒலிபெருக்கி சிகிச்சை ஆகாது. அவளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996இலேயே இந்நாட்டில் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கட்டடங்களின் நுழைவாயிலில் சாய்வுப்பாதை அமைப்பது போலவே, ரீச்சரின் சொல் கடைசி வாங்குக்கும் போய்ச் சேர வழி அமைப்பதும் அந்த உரிமையின் ஒரு பகுதி என்றே நாம் கொள்கிறோம். போர்க்காலத்தில் முழக்கங்களுக்கு நடுவே எமக்குக் கேட்கும்படி குரலை உயர்த்திப் படிப்பித்த ஆசிரியைகளுக்கு நாம் கடன்பட்டவர்கள். இன்றைய ஆசிரியைகள் தொண்டை நோகாமல், தம் இயல்பான குரலில் பேசினாலே கடைசி வாங்குப் பிள்ளைக்கும் பாடம் விளங்கும்படி செய்வது அக்கடனில் ஒரு பங்கையாவது தீர்க்கும்.