துண்டும் தன்னலமும்

தன்னலம் என்னும் சொல் நம்மவர் வழக்கிலே இழிசொல்லாகவே நின்று வருகின்றது. பிறர் பொருளைக் கவர்தலும், தன் உழைப்பின் பயனைத் தானே பெற விரும்புதலும் ஒரே பெயரால் சுட்டப்படுதலே இம்மயக்கத்துக்குக் காரணம். இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளின் வரலாறே போதிய சான்றாகும்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிய, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கிற்று. முதலுடையோன் இலாபங் கண்ட இடத்துக்குத் தன் பணத்தைக் கொண்டு செல்லலாம். தேயிலையைக் கூடிய விலை கேட்போனுக்கு விற்கலாம். தடையற்ற வாணிகமே தம் கொள்கை என்று துரைமார் பெருமை பேசினர்.

ஆயின், கொழுந்து பறித்தவளுக்கு அவ்வுரிமை இருந்ததோ? இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முறைப்படி அறிவியாது வேலையை விட்டு நீங்குதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அதனோடு 'துண்டு' என்னும் வழக்கமும் சேர்ந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பின் அவனை விடுவிப்போம் என்று பழைய தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அஃதின்றி வேறு தோட்டத்தார் அவனை வேலைக்கு ஏற்றல் அரிது. புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்க்கும். தீர்த்த கடன் தொழிலாளியின் பெயரிலேயே மீண்டும் பதியப்படும்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. ஆட்பற்றாக்குறைக் காலத்திலே தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அப்போட்டியினால் உயர்ந்திருக்க வேண்டியது கூலி. உயர்ந்ததோ, கங்காணி கையிற் சென்ற முற்பணமும் தொழிலாளி தலையில் ஏறிய கடனுமே.

ஆதலாற் குற்றம் துரைமாரின் தன்னலமன்று. பிறர் தன்னலத்தைச் சட்டத்தாலும் சீட்டாலும் கட்டிவைத்ததே குற்றம். ஒருவனுடைய உழைப்பே அவனுடைய முதற் சொத்து என்றும், அதனை அவன் விரும்பியவாறு பயன்படுத்துவதைத் தடுத்தல் அச்சொத்தின்மீது செய்யும் அத்துமீறல் என்றும் அடம் சிமித் 1776இலேயே வாதிட்டார். கூலியை உயரவிடாது முதலாளிமார் தமக்குள் ஒன்றுபடுவர் என்று எச்சரித்தவரும் அவரே. அவர் நூலைத் துரைமார் பாதியளவே கற்றனர் போலும்.

1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் பெரி. சுந்தரமும் தொழிலாளர் நலச் சங்கம் நிறுவி இத்தளைக்கு எதிராகப் போராடினர். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டையும் சிறைத்தண்டனையையும் ஒழித்தது. 1923இன் சட்டப்படி, ஆட்சேர்க்குஞ் செலவு பொது நிதியைச் சார்ந்தது.

பசித்தவனுக்கு வேலையை விடும் உரிமை மட்டும் போதுமோ என்று வினவலாம். போதாதென்பதனாலேயே 1927இற் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, 1931இற் கோ. நடேசய்யர் ஹட்டனிலே தொழிற்சங்கம் அமைத்தார். பலர் கூடித் தம் உழைப்புக்கு விலை பேசுதலும் தனிமனித உரிமையின் விரிவேயன்றி அதற்கு முரணன்று. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அக்குறை முற்றாக நீங்குதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. குடியுரிமை இல்லாதவனுக்குச் சந்தையிலும் சமநிலை இல்லை. இன்றும் குடியிருக்கும் லயன் காம்பிராவுக்கும் அது நிற்கும் நிலத்துக்கும் உறுதி பெறாத குடும்பங்கள் பல. தோட்ட வேலையை விட்டால் வீடு என்னாகுமோ என்னும் அச்சம், எழுதப்படாத துண்டேயாகும்.

என் மாணவருட் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். படித்து முடித்துக் கொழும்பிலே தொழில் தேடப் புறப்படும் இளைஞனைத் 'தன்னலக்காரன்' என்று ஊரார் சிலர் ஏசக் கேட்டிருக்கிறேன். அவனுடைய பாட்டனின் தந்தை அடுத்த மலைக்குச் செல்வதற்கே ஒரு சீட்டை வேண்டி நின்றிருப்பார். அச்சீட்டின்றி இவன் புகைவண்டி ஏறுவது இழிவன்று. ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் பயன். தன் வாழ்வைத் தான் பேணுதலும், அவ்வுரிமை பிறர்க்கும் உண்டென மதித்தலும் ஒன்றுசேரும்போது தன்னலமும் அறமே என்க.