சாலையும் வண்டியும் நம் மக்களும்

திண்டுக்கல்லில் தொடங்கி, வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என நீண்டு, குமுளி மலையேறிக் கேரள நாட்டிற்குள் புகும் பெருஞ்சாலை இன்று 183ஆம் எண்ணுடைய தேசிய நெடுஞ்சாலையாக விளங்குகிறது. சின்னமனூரை அடுத்து முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் அமைந்த நம் மார்க்கையன்கோட்டையிலிருந்து கல்லூரிக்கும், மருத்துவமனைக்கும், நீதிமன்றத்திற்கும், மலைத்தோட்ட வேலைக்கும் செல்வோர் பெரும்பாலும் இச்சாலையைத் தொட்டே செல்கின்றனர். அதன் மீது நாள்தோறும் விரைகின்ற கார்களையும் இருசக்கர வண்டிகளையும் கண்டு வளர்ந்த நம் இளைஞர்கள், சாலை என்பது என்றென்றும் எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது என்று எண்ணிவிடக் கூடும். அவ்வாறு இருந்ததில்லை. வெள்ளிவிழா மலரில் கல்வியைப் பற்றிப் பலரும் எழுதுவர்; நான் சாலையைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் எத்துணைச் சிறந்ததாயினும், அங்கே போய்ச் சேர வழி வேண்டுமல்லவா?

கம்பம் பள்ளத்தாக்கின் போக்குவரத்து வரலாற்றில் பெரியாற்று அணை ஒரு திருப்பம். 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கர்னல் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் பணி நடந்து, 1895இல் அணை திறக்கப்பட்டது. அக்காலத்தில் இப்பகுதிக்கு இரயில் கிடையாது. அருகிலிருந்த நிலையம் அம்மையநாயக்கனூர். இன்று கொடைக்கானல் ரோடு என்று வழங்கப்படுவது. அங்கு வந்திறங்கிய இயந்திரங்களும் தளவாடங்களும் மாட்டு வண்டிகளில் ஏற்றப்பட்டுக் கூடலூர் மலையடிவாரம் வரை கொண்டுவரப்பட்டன. அதற்குமேல் இழுவைக் கம்பி வழியாகவும், காட்டாற்றில் படகு வழியாகவும் அணைக்கட்டுக்குச் சென்றன. அணையைக் கட்டியவர் பெயரை இப்பள்ளத்தாக்கு மறக்கவில்லை. பொங்கலன்று அவர் படத்திற்கு மாலையிடுகிறோம். அது நன்று. ஆனால் வண்டித்தடத்திற்குக் கல் உடைத்தவர், மண் சுமந்தவர், மலைக்காய்ச்சலில் மாண்டவர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் எவ்வீட்டுச் சுவரிலும் இல்லை.

சாலைக்குக் கல் சுமந்த கூலியாள், வேலை முடிந்தபின் அதே ஊரின் தெருவில் செருப்பணிந்து நடக்க இயலாது என்பதே அன்றைய நிலை. பொதுப்பணத்தில் அமைந்த பாதைகள்கூட வழக்கம் என்ற பெயரால் அடைக்கப்பட்டிருந்தன. இதனைச் சட்டமன்றத்தில் எதிர்த்து நின்றவர் இரட்டைமலை சீனிவாசனார். 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச்சாலையிலும், தெருவிலும், பாதையிலும் நடப்பதற்குத் தடையில்லை என்றும், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை அணுகுவதற்கும் தடையில்லை என்றும் கூறிற்று. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் பிறந்தது. அதே 1924இல்தான் மலைக்கு அப்பால் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமை கோரி அறப்போர் தொடங்கிற்று. தந்தை பெரியார் அங்குச் சென்று சிறைப்பட்டார். 1925இல் மூன்று புறச் சாலைகள் திறக்கப்பட்டன. நான்காம் புறத்துக்கு 1936ஆம் ஆண்டின் ஆலய நுழைவு அறிக்கை வரை காத்திருக்க நேர்ந்தது. சில முழச் சாலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்!

நடப்பதற்கே இத்தனை போராட்டமென்றால், வண்டியேறிச் செல்வது எளிதாகவா இருந்திருக்கும்? 1893ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் அய்யன்காளி என்னும் மாவீரர் வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கித் தலைப்பாகை கட்டி, பொதுச்சாலையில் அதனைச் செலுத்திக் காட்டினார். வண்டி ஓட்டுவது ஒரு போராட்ட முறையாக ஆனதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஒடுக்கப்பட்டவன் சொந்த வண்டியில் அமர்ந்து செல்லும் காட்சியே ஆதிக்கத்தின் அடித்தளத்தை அசைத்தது. இன்றும் சில ஊர்களில் நம் இளைஞன் புதிய மோட்டார் சைக்கிள் வாங்கினால் சிலருக்குக் கண் உறுத்துகிறதென்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் வாழ்விலும் வண்டி ஒரு கசப்பான நினைவே. சிறுவனாக இருந்தபோது, 1901இல், தந்தையைக் காணப் புறப்பட்டு மசூர் இரயில் நிலையத்தில் இறங்கியபோது, சாதி தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. இருமடங்கு கூலி தருவதாகவும், வண்டியைச் சிறுவர்களே ஓட்டுவதாகவும் ஒப்புக்கொண்ட பின்னரே ஒருவர் இசைந்தார். பின்னர் 1929இல், உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டங்களைப் பெற்றபின், சாலிஸ்கான் என்னும் ஊரில் மீண்டும் அதே கதை. குதிரை வண்டிக்காரர்கள் வண்டியை வாடகைக்குத் தருவர். ஆனால் தாழ்த்தப்பட்டவருக்கு வண்டியோட்டமாட்டார்கள். ஆகவே வண்டியோட்டிப் பழகாத நம்மவர் ஒருவரே கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அண்ணல் கீழே தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்து பலநாள் படுக்கையில் கிடந்தார். அவரே எழுதி வைத்த நிகழ்ச்சி இது. படிப்பு உயர்ந்தால் பாதை தானே திறக்கும் என்று நம்புகிறவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள இருபத்தெட்டு ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்நிலையில்தான் மோட்டார் பேருந்து வந்தது. 1912ஆம் ஆண்டளவில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைச் சீமையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. ஆனால் அதன் முதலாளிகள் சிலருக்குத் தெரிந்திருந்தது. ஆதிதிராவிடரை ஏற்றுவதில்லை என்னும் கட்டுப்பாட்டைத் தென்மாவட்டங்களில் சில தனியார் வண்டிகள் கடைப்பிடித்தன. இதற்கு முடிவு கட்டியவர்களுள் முதன்மையானவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். நம் நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவர். சுயமரியாதை இயக்கத்தின் தூண்களுள் ஒருவர். 1920களின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் நீக்கப்படும் என்று ஆணையிட்டார். சென்னை தியாகராயநகரில் பாண்டிபஜாரில் துணி வாங்கச் செல்வோர், அத்தெருவுக்குப் பெயர் தந்தவர் இவரே என்பதை நினைவிற் கொள்க.

1938இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் நிறைவேறிய சென்னைச் சமூக இயலாமை ஒழிப்புச் சட்டம், விடுதலைக்குப் பின் அரசியல் சட்டத்தின் 15, 17ஆம் பிரிவுகள், 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் எனப் பின்னர்ப் பாதுகாப்புகள் அடுக்கடுக்காய் வந்தன. இவற்றுள் 1955ஆம் ஆண்டுச் சட்டம் பொது ஊர்திகளில் ஏறுவதைத் தடுப்பதும் குற்றமென வெளிப்படையாகவே கூறுகிறது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிக் கடுமையாக்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தைவிட நம் ஊர்களில் அதிகம் வேலை செய்தது பேருந்தின் இருக்கைதான் என்பது என் கருத்து. பயணச்சீட்டு எடுத்தவன் அமர்வான். பக்கத்தில் அமர்ந்திருப்பவன் யாரென்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களை அரசு எடுத்துக்கொண்டு, 1972இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தபோது இன்னொரு வாயிலும் திறந்தது. ஓட்டுநர், நடத்துநர் பணிகள் அரசுக் கழகப் பணிகளாயின. இட ஒதுக்கீடு அவற்றுக்கும் வந்தது. காக்கிச் சட்டை அணிந்து, தோளில் தோற்பை மாட்டி, நம்மவர் ஒருவர் கிழித்துக் கொடுக்கும் சீட்டை ஊரார் அனைவரும் கைநீட்டி வாங்கினர். தொட்டால் தீட்டென்ற கொள்கைக்கு இதைவிட அமைதியான மறுப்பு வேறெது?

ஆனால் அந்த அமைதி மெல்லியது என்பதும் பின்னர்த் தெரிந்தது. 1997ஆம் ஆண்டில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த வீரன் பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என எதிர்ப்புக் கிளம்பித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அவ்வாண்டு ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அகற்றிவிட்டது. பாண்டியன் பெயரும், சேரன் பெயரும், சோழன் பெயரும் அத்துடன் போயின. ஒரு பெயரை ஏற்க மனமில்லாமல் எல்லாப் பெயர்களையும் இழந்த வரலாறு வேறெந்த நாட்டிலாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, சொந்த வண்டிக்கு வருவோம். 1951இல் இந்தியா முழுவதிலும் பதிவாகியிருந்த மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 3 இலட்சமே. 1981இல் 54 இலட்சம், 2001இல் 5.5 கோடி, 2011இல் 14 கோடிக்கு மேல். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி என்னும் இரண்டொரு வகைக் கார்களுக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991இன் பொருளாதார மாற்றத்திற்குப் பின் அயல்நாட்டு நிறுவனங்கள் சென்னையைச் சுற்றியே ஆலைகள் அமைத்தன. ஆயினும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கார், ஜீப், வேன் இவற்றுள் ஒன்றேனும் உடைய இந்தியக் குடும்பங்கள் நூற்றுக்கு 4.7 மட்டுமே, இருசக்கர மோட்டார் வண்டி உடையவை 21. பெருகியது கார் என்று நாம் சொன்னாலும், உண்மையில் சிற்றூரை மாற்றியது ஓசூரில் 1980இல் பிறந்த டி.வி.எஸ். 50 போன்ற சிறு வண்டிதான். வாழைத்தார், புல்லுக்கட்டு, பால்குடம், குடும்பத்தில் நால்வர் என எதனையும் அது சுமந்தது. போடி–மதுரை இருப்புப் பாதை அகலப்படுத்தும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, 2022இல் தேனி வரையும், 2023இல் போடி வரையும் திறக்கப்படும்வரை, பன்னிரண்டு ஆண்டுகளாக மாவட்டத்திற்கே இரயில் இல்லாமற்போனதும் சாலை வண்டிகளின் பெருக்கத்திற்கு ஒரு காரணமாகும்.

நம் குடியிருப்புகளில் மிதிவண்டியை மறக்கலாகாது. தமிழகத்தின் பல சிற்றூர்களில் ஊர்த்தெருவைக் கடக்கும்போது நம்மவர் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. அந்நாட்டில், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டியை அரசே வழங்கத் தொடங்கியது 2001ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான். பின்பு அது எல்லா வகுப்பினருக்கும் விரிந்தது. சீருடை அணிந்த பெண் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு அதே தெருக்களில் சென்றனர்.

காரைப் பொறுத்தவரை, நம் சமுதாயத்தார் அதன் முன்னிருக்கைக்கு முதலில் வந்தது ஓட்டுநராகத்தான், உடைமையாளராக அன்று. அந்த ஓட்டுநர் வேலைக்கும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி நெடுநாள் இருந்து 2019இல் நீக்கப்பட்டது. வண்டியைக் கழற்றி மாட்டத் தெரிந்தும் சான்றிதழ் இல்லாமையால் உரிமம் பெறாது, பிறர் கையில் ஒடுங்கிக் கிடந்தோர் எத்தனை பேர்! 1974இல் அமைந்த தாட்கோ நிறுவனம் மானியத்துடன் கூடிய கடனால் வாடகைக் காரும் சரக்கு வண்டியும் வாங்க வழி செய்தது. கடன் பெறுவதற்கான தாள்களை நிரப்பத் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால் அத்தெருவுக்கு வண்டி வந்தது. இல்லையேல் விண்ணப்பம் அலுவலகத்திலேயே தூங்கிற்று. கல்விச் சங்கம் ஒன்று ஊரில் இருப்பதன் பயன் இத்தகைய இடங்களில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

வண்டிகள் பெருகவே சாலைகள் விரிந்தன. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சிற்றூர்களுக்குத் தார்ச்சாலை தந்தது. நெடுஞ்சாலையும் அகலமாகிச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களுக்குப் புறவழிகள் அமைந்தன. இப்பள்ளத்தாக்கில் வயலை விட்டால் வழி ஏது? இழப்பீடு என்பது நிலப்பட்டா உடையவருக்கு உரியது. அதே வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவளுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் பட்டா இல்லை. ஆகவே கணக்கில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. சாலையைப் பேணுவோர் நிலையும் உறுதியற்றதாகவே இருந்தது. 1997இல் அமர்த்தப்பட்ட ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் 2002இல் வேலைநீக்கம் செய்யப்பட்டு, நெடும் போராட்டத்திற்குப் பின் 2006இல்தான் திரும்ப எடுக்கப்பட்டனர்.

விரிந்த சாலை உயிரையும் கேட்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். காரே இல்லாதவன் காரால் சாகிறான். ஊரின் விளிம்பில், சாலையோரத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளே அச்சாலையைக் குறுக்கே கடந்து பள்ளிக்குச் செல்கின்றனர். வேகத்தடை வேண்டுமென்று மனு எழுதுவதும் இன்று ஒரு சமுதாயப் பணியே.

இளைஞர்களே, உங்களுள் பலரிடம் இன்று மோட்டார் சைக்கிள் உண்டு. சிலரிடம் காரும் உண்டு. அய்யன்காளியின் வில்வண்டியை அறிந்தவர்கள் அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் சொந்த வண்டி வந்தவன் பேருந்து நிறுத்தத்தை மறந்துவிடுகிறான்; ஊரில் குரல் உடையவர்கள் எல்லாரும் அவ்வாறு மறந்தபின், நின்றுபோகும் பேருந்துக்காகக் கேட்பார் இருப்பதில்லை. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் கௌதியா கல்லூரி போன்ற கல்வி நிலையங்களுக்கு நம் பிள்ளைகளைக் கொண்டு சேர்த்தது எவருடைய காருமன்று; பேருந்துதான்.

விடியுமுன் கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகளிலும் ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள், அளவுக்கு மீறி நெருக்கி ஏற்றப்பட்டு, கொண்டையூசி வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி செல்கின்றனர். விபத்துகள் நேர்ந்துள்ளன; உயிர்களும் போயுள்ளன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கலில் எல்லை அடைபட்டபோதும், 2020இல் பெருந்தொற்றால் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டபோதும், முதலில் கூலியிழந்தவர்கள் இவர்களே. 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். நம் தெருப் பெண்களுக்கு அதனால் மிச்சமாகும் தொகை சிறிதன்று. ஆனால் அந்தச் சலுகை இந்த மலை ஜீப்புகளுக்கு இல்லை. அதிகாலை நேரத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்றே மலையடிவாரம் வரையிலும், இரு மாநிலங்கள் இசைந்தால் மலைக்கு மேலும், அரசுப் பேருந்துகள் விடவேண்டும் என்ற கோரிக்கையைக் கையெழுத்துகளுடன் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும் வேலையை, வண்டி வைத்திருக்கும் நம் இளைஞர்களே வீடு வீடாகச் சென்று தொடங்கலாம்.