ஆம்பூர் பக்கத்து மண் ட்ராக்: மாடு விடுற விழாவோட கதை

இந்த எபிசோட், தூக்கம் வராத ஒரு ராத்திரியில பார்த்த யூடியூப் வீடியோவுல ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல எல்டோரா ஸ்பீட்வேன்னு ஒரு ரேஸ் ட்ராக். தார் கிடையாது, அரை மைல் நீளத்துக்குக் களிமண் பாதை. 1954ல ஏர்ல் பால்டஸ்ங்கிறவர் ஆரம்பிச்சார். 2004ல டோனி ஸ்டூவர்ட்ங்கிற ரேஸ் வீரர் வாங்கற வரைக்கும் அது பால்டஸ் குடும்பத்தோட சொத்து. வார இறுதியில ஜனங்க குழந்தை குட்டியோட வந்து உட்கார்ந்து, புழுதியைக் குடிச்சுக்கிட்டே கார் ஓடுறதைப் பார்க்குறாங்க.

பாதி வீடியோவுல எனக்கு ஒண்ணு உறைச்சுது. இதை நான் சின்ன வயசுலயே பார்த்திருக்கேன். அங்க ஓடினது கார் இல்ல, மாடு.

நான் ஆம்பூர் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வேலூர் மாவட்டமா இருந்த ஊர், 2019ல இருந்து திருப்பத்தூர் மாவட்டம். வெளியூர்க்காரங்களுக்கு ஆம்பூர்னா பிரியாணி, ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலை. ஆனா பொங்கல் முடிஞ்சதும் சுத்துப்பட்டு கிராமங்கள்ல வேற ஒரு சீசன் ஆரம்பிக்கும். மாடு விடுற விழா. பத்திரிகையில 'எருது விடும் விழா'ன்னோ 'காளை விடும் விழா'ன்னோ எழுதுவாங்க.

ஊரோட நீளமான வீதிதான் ட்ராக். ரெண்டு பக்கமும் கட்டை நட்டுத் தடுப்பு கட்டுவாங்க. ஒரு முனையில வாடிவாசல், மறுமுனையில முடிவுக் கோடு. காளைகளை ஒண்ணொண்ணா அவிழ்த்து விடுவாங்க. எது குறைஞ்ச நொடியில கோட்டைத் தாண்டுதோ அதுக்கு முதல் பரிசு. நொடிக்கணக்கைப் புள்ளி வச்சு மைக்ல சொல்லும்போது கூட்டம் அமைதியாகிடும். கிருஷ்ணகிரியில இருந்து, ஆந்திராவுல சித்தூர் பக்கத்துல இருந்தெல்லாம் வேன்ல காளைங்க வரும். ஒவ்வொரு காளைக்கும் ஒரு பேரு, ஒரு ஃப்ளெக்ஸ் பேனர், பின்னாடி ஒரு குடும்பம். எங்க பெரிய மாமா வீட்லயும் ஒரு காளை இருந்துச்சு. அது ஏர் உழாது, வண்டி இழுக்காது. வருஷம் முழுக்கத் தீனி, நடைப்பயிற்சி, நீச்சல். எல்லாம் சில நொடி ஓட்டத்துக்காக.

கவனிச்சீங்களா? இதுல எங்கேயும் மாட்டை அடக்குற வேலையே வரல. மதுரை பக்கத்து ஜல்லிக்கட்டுல திமிலைப் பிடிக்கிறவர் ஜெயிப்பார், இல்ல காளை ஜெயிக்கும். எங்க ஊர்ல காளைக்கு எதிரி கடிகாரம் மட்டும்தான். இது ரேஸ்.

ஆனா சட்டம் இதை அப்படிப் பார்க்கல. 2009ல தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தப்போ, 'ஜல்லிக்கட்டு'ங்கிற சொல்லுக்கான விளக்கத்துக்குள்ளேயே மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாத்தையும் சேர்த்துட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, வேற வேற வேலை செய்யற ஃபங்ஷனுக்கெல்லாம் ஒரே பேரு.

அதனால ஜல்லிக்கட்டுக்கு என்ன நடந்ததோ அதெல்லாம் எங்க ரேஸுக்கும் நடந்துச்சு. 2011 ஜூலையில மத்திய அரசு, வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளோட பட்டியல்ல காளையைச் சேர்த்துச்சு. 2014 மே 7 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை பண்ணி, 2009 சட்டத்தையும் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2016 ஜனவரியில மத்திய அரசு திரும்ப அனுமதி கொடுத்தது, சில நாள்லயே அதுக்கும் இடைக்காலத் தடை. அப்புறம் 2017 ஜனவரி, மெரினா. உங்கள்ல பல பேர் அங்க இருந்திருப்பீங்க. அந்த மாசமே சட்டத் திருத்தம் வந்துச்சு. ஜனவரியில இருந்து மே வரைக்கும் நடத்தலாம்னு சொன்ன அந்தத் திருத்தத்துலயும் எருது விடும் விழா, ஜல்லிக்கட்டுங்கிற பேருக்குள்ளதான் இருக்கு. 2023 மே 18 அன்னிக்கு அஞ்சு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைச் செல்லும்னு சொல்லிடுச்சு.

அதே வருஷம் பிப்ரவரி 2 அன்னிக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் கோபசந்திரத்துல விழாவுக்கு அனுமதி தாமதமாச்சுன்னு மக்கள் தேசிய நெடுஞ்சாலையை மறிச்சாங்க. கல்வீச்சு, தடியடி, கிலோமீட்டர் கணக்குல டிராஃபிக். பெங்களூர்ல இருந்து ஊருக்கு நாம போற அதே ரோடுதான். இந்த விழா அந்த ஊர்களுக்கு என்னங்கிறதுக்கு வேற சாட்சி வேணாம்.

இவ்வளவு சண்டையும் காளையைப் பத்தி. அதுக்கு வலிக்குதா, அது பண்பாடா, கொடுமையா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனா பேரு மாறிப்போனதால ஒரு கேள்வி விட்டுப்போச்சு. ஜல்லிக்கட்டுல ஆபத்தை முதல்ல எதிர்கொள்றது களத்துல இறங்கற வீரர். அவருக்கு மருத்துவப் பரிசோதனை, பதிவு, சீருடை எல்லாம் இருக்கு. எங்க ரேஸ்ல வீரரே கிடையாது. அப்போ அடிபடுறது யாரு? வேடிக்கை பார்க்க வந்தவங்க. தடுப்புக்கு வெளியில நிக்க வேண்டிய கூட்டம் பாதைக்குள்ள நிக்கும், காளை ஓடும்போது கையால தட்டி விடும். வேடிக்கை பார்க்க வந்தவர் மாடு முட்டி இறந்தார்னு எத்தனையோ சீசன்ல செய்தி படிச்சிருக்கோம்.

நானும் உள்ள நின்னவன்தான். அப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. தடுப்புக்குப் பின்னாடி நிக்கிறது சின்னப் பசங்க வேலைன்னு நினைப்பு. கூட்டத்துல காளை வர்ற திசையே தெரியல. என் சட்டையை உரசிட்டுப் போய்ப் பக்கத்துல நின்ன என் கூட்டாளியை இடிச்சுது. விலா எலும்பு ரெண்டு போச்சு. ஆஸ்பத்திரியில அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இன்னிக்கும் தோணும்.

கார் ரேஸும் இந்தப் பாடத்தை ரொம்ப விலை கொடுத்துத்தான் கத்துக்கிச்சு. 1955 ஜூன் 11, பிரான்ஸ்ல லெ மான் ரேஸ். ஒரு மெர்சிடிஸ் கார் முன்னாடி போன காரோட மோதித் தூக்கி எறியப்பட்டு, பார்வையாளர் பக்கத்து மண்மேட்டுல விழுந்து சிதறுச்சு. எஞ்சினும் பாகங்களும் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சுது. 80 பேருக்கு மேல இறந்தாங்க. சுவிட்சர்லாந்து ட்ராக் ரேஸையே தடை பண்ணிடுச்சு. லெ மான்ல அந்த இடத்தை இடிச்சு மாத்திக் கட்டினாங்க. ரேஸ் இன்னிக்கும் நடக்குது. ரேஸைக் காப்பாத்தினது, பாதையையும் பார்வையாளரையும் பிரிச்சதுதான்.

நமக்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் பகுதியைக் கெடுத்த வழக்குல 1996ல வந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிற ஒவ்வொருத்தரும் வேலூர் பேர்லதான் படிக்கிறாங்க. முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தோட ஒரு பகுதின்னு சொன்ன தீர்ப்பு அது. பெரிய பாதிப்பு வரும்னு தெரிஞ்சா, முழு நிரூபணம் கிடைக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. நம்ம ஊர்ப் பேரை வச்சு நாட்டுக்கே சொன்ன பாடத்தை நம்ம வீதியில கடைப்பிடிக்கலாம், இல்லையா?

இதை மாமாகிட்ட சொன்னேன். "ஆளே இல்லாத வீதியில மாடு ஓடினா அது திருவிழாவாடா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். ரெட்டைத் தடுப்பு கட்ட சின்ன ஊருக்குக் காசும் ஆகும். நான் திருப்பிக் கேட்டேன்: "மாமா, நம்ம காளை தோத்த ஓட்டத்துல எத்தனை தடவை ஆள் குறுக்க வந்து அது மிரண்டு நின்னுச்சு?" அவர் பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "மூணு தடவை"ன்னார்.

இந்த வருஷம் நான் ஒரு வீட்டு மொட்டை மாடியில நின்னு பார்த்தேன். புழுதி அங்கேயும் வந்துச்சு. மைக்ல சொன்ன நொடிக்கணக்கும் தெளிவாவே கேட்டுச்சு.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு ஓட்டம் இருந்தா சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.