சந்தும் சம்மதமும்

கீழை நகரங்களை ஆராய்ந்த ஐரோப்பிய அறிஞர் பலர், முஸ்லிம் நகரங்களின் வளைந்த தெருக்களையும் முட்டுச்சந்துகளையும் கண்டு, அவை திட்டமின்றித் தாறுமாறாக வளர்ந்தவை எனத் தீர்ப்பளித்தனர். கட்டடங்களைப் பார்த்த அவர்கள் பிக்ஹு நூல்களையும் புரட்டியிருந்தால் இம்முடிவுக்கு வந்திருக்கமாட்டார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) கூஃபா நகர் அமைந்த வரலாற்றை இமாம் தபரீ பதிவு செய்துள்ளார்கள். பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, பின்னர் 20, சந்துகள் 7 முழம் என கலீஃபா உமர் (ரலி) அளவு வகுத்தார்கள். நாணல் குடிசைகள் தீக்கிரையானதும், பச்சைச் செங்கல்லால் கட்டிக்கொள்ள மக்கள் அனுமதி வேண்டினர். ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் வேண்டாம், உயர்த்திக் கட்டவும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. எனினும் இங்கே ஆட்சியின் குரலே ஓங்கியிருக்கிறது. குடியிருப்போரின் உரிமையைக் காண வேறிடம் செல்லவேண்டும்.

அவ்விடம் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், ஸுல்ஹு எனும் சமரசப் பாடம். மறுமுனை திறந்த தெரு பொதுவானது. நடப்போருக்கு இடையூறு தரும் எதையும் அதில் நீட்டக்கூடாது. முட்டுச்சந்தோ அதன் வாசிகளுக்கே உரியது. அவர்கள் யார்? சுவர் ஒட்டியவர்கள் அல்லர், வாசல் திறந்திருப்பவர்களே. வெளியார் புதிதாக வாசல் வைக்கவோ, வாசிகளில் ஒருவரே சந்தின்மேல் மாடத்தை நீட்டவோ ஏனையோர் இசைவு வேண்டும். மேலும் நுட்பமானதொன்று: ஒவ்வொருவரின் பங்கும் சந்தின் முகப்பிலிருந்து தம் வாசல்வரைதான் என்பதே ஏற்றமான கருத்து. ஆகவே சந்தின் கோடியில் இருக்கும் வீட்டுக்காரருக்கே முழுச் சந்திலும் பங்குண்டு! தம் வாசலை முகப்பின் பக்கம் நகர்த்துபவர், பழைய வாசலை அடைத்துவிட்டால் எவரும் தடுக்க முடியாது. உட்புறம் நகர்த்தினால் தடுக்கலாம்.

மாலிக்கீ மத்ஹபில் இதன் நடைமுறையை, ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் தூனிஸில் வாழ்ந்த இப்னுர் ராமியிடம் காண்கிறோம். அவர் கட்டடக் கலைஞர். காழிகள் வழக்குகளில் அவரைக் கலந்தாலோசித்தனர். சுவர், சாளரம், சாக்கடை பற்றிய பிணக்குகளை அவர் தொகுத்த நூலை, பஸீம் ஹகீம் தம் 1986ஆம் ஆண்டு ஆய்வில் தூனிஸின் தெருக்களோடு பொருத்திக் காட்டினார்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. ஒருவர் முரண்டுபிடித்தால் ஏனையோர் விரும்பும் மாடம் நின்றுவிடும். ஊருக்கே பொதுவான பெருவீதி போன்றவற்றிலும் சந்துவாசிகளின் இவ்வுரிமை செல்லாது. தம் வாசலுக்கு முன்னுள்ளதை மட்டுமே அது காத்தது.