பதினெட்டு அணிகள், ஒரே லீக்: 1965

பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் 1965 என்றதும் ‘வெஸ்ட் ஹாம் கோப்பை வென்ற ஆண்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடுவது வழக்கம். பட்டியல் போடுகிறவர்களுக்கு அது போதும். பிரிட்டிஷ் லீக் பிறந்து அறுபது ஆண்டுகள் ஆனதையொட்டி எழுதும் கட்டுரைக்குப் போதாது. 1965க்கு முந்தைய ஆண்டு முழுக்க பிரிட்டிஷ் ஸ்பீட்வே இரு லீக்குகளாகப் பிரிந்து கிடந்தது; ஒரு தரப்பின் தடத்தில் மறு தரப்பின் வீரர் வண்டி ஏறினால் தண்டனை என்ற நிலை இருந்தது. அந்த இரு தரப்பும் ஒரே அட்டவணையில் பெயர் எழுதிக்கொண்டு, அணிக்கு 34 ஆட்டம் வீதம் ஓடி முடித்தன. கோப்பையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

ஸ்பீட்வே பார்த்திராதவர்களுக்கு நான்கு வரி. வண்டி 500 சிசி, ஒற்றைச் சிலிண்டர். பிரேக் கிடையாது, கியர் ஒன்றே ஒன்று, எரிபொருள் மெத்தனால். முட்டை வடிவத் தடத்தில் நான்கு பேர் இடப்பக்கமாகவே நான்கு சுற்று வருவார்கள். வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள். ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே நீளும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. 1965இல் ஓர் ஆட்டம் என்பது இப்படி 13 ஓட்டங்கள். ஆக மொத்தம் 78 புள்ளி. 40 எடுத்தால் வெற்றி.

போர் முடிந்தபின் 1946இல் ஆறே அணிகளுடன் நேஷனல் லீக் மீண்டும் தொடங்கியபோது கூட்டம் அலைமோதியது. ஆறு ஆண்டுகள் விளக்கணைத்துக் கிடந்த ஊர்களுக்கு வெளிச்சமும் இரைச்சலும் வேண்டியிருந்தன. 1949இல் வெம்ப்ளியில் நடந்த உலக இறுதிக்கு 93,000 பேர் வந்தார்கள். அன்று ஒரு புள்ளிகூட இழக்காமல் 15 எடுத்து, உலகப் பட்டம் வென்ற முதல் ஆங்கிலேயரானார் டாமி பிரைஸ். அவருடைய வெம்ப்ளி லயன்ஸ் அணி 1946 முதல் 1953 வரை எட்டு சீசனில் ஏழு முறை லீக்கை வென்றது. தப்பியது 1948 மட்டுமே. அந்த ஆண்டு மைதானத்தை ஒலிம்பிக் எடுத்துக்கொண்டது.

சரிவும் அதே வேகத்தில் வந்தது. கால்பந்துக்கு இருந்ததைவிட உயர்ந்த கேளிக்கை வரி ஸ்பீட்வே டிக்கெட்டில் ஏறியது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. நியூ க்ராஸ் 1953இல் மூடியது. ஹாரிங்கே 1954 சீசனோடும், வெஸ்ட் ஹாம் 1955 சீசனோடும் நின்றன. வெம்ப்ளி அரங்கின் தலைவர் சர் ஆர்தர் எல்வின் 1957 தொடக்கத்தில் இறந்ததும் லயன்ஸ் அணியும் விலகிக்கொண்டது. அதே ஆண்டு வரியை நீக்கினார்கள். அதற்குள் வரி கட்ட ஆளே குறைந்துபோயிருந்தது. 1959இல் லீக்கில் மிச்சம் ஒன்பது அணிகள்.

அந்த நேரத்தில் மைக் பார்க்கர், ரெக் ஃபியர்மன் போன்ற புரமோட்டர்கள் மூடிக் கிடந்த தடங்களைத் திறந்து, 1960இல் பத்து அணிகளோடு ப்ராவின்ஷியல் லீக்கைத் தொடங்கினார்கள். ஃபியர்மன் இளவயதில் வெஸ்ட் ஹாம் அணிக்கே ஓடியவர். செலவு குறைவு, பெரிய பெயர்கள் இல்லை, சின்ன ஊர்கள், நாய்ப்பந்தய அரங்குகள், கால்பந்து மைதானத்தின் ஓரங்கள். பழைய லீக்காரர்கள் இதைப் பயிற்சிப் பள்ளியாகப் பார்த்தார்கள். பள்ளி என்றே வைத்துக்கொண்டாலும் அதில் படித்தவர்களைப் பார்க்க வேண்டும். 1957இல் நியூசிலாந்திலிருந்து விம்பிள்டனுக்கு வந்து, எடுபடாமல் திரும்பிப் போன ஓர் இளைஞருக்கு 1963இல் நியூகாசில் மறுபடி இடம் கொடுத்தது. அவர் பெயர் ஐவன் மாகர். பிற்காலத்தில் ஆறு முறை உலகச் சாம்பியன்.

நேஷனல் லீக்கின் சிக்கல் வேறு வகை. ஓவே ஃபுண்டின், பாரி பிரிக்ஸ், ரானி மூர், பீட்டர் க்ரேவன், பியோர்ன் க்நூட்சன் என்ற ஐந்து பேர் மற்ற எல்லோரையும்விட வெகுதூரம் முன்னே இருந்தார்கள். யார் முதலில் வருவார் என்பது வண்டி கிளம்பும் முன்பே தெரிந்துவிட்டால் டிக்கெட் வாங்குவது யார்? அதனால் அவர்களைத் தொடக்கக் கோட்டுக்கு 20 கெஜம் பின்னால் நிறுத்தி விட்டார்கள். திறமைக்குத் தண்டனை போட்டுத்தான் ஒரு லீக் பிழைக்க வேண்டும் என்றால் அந்த லீக்கின் உடல்நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1963 செப்டம்பரில் பெல் வ்யூ அணியோடு எடின்பரோவுக்கு நட்பு ஆட்டம் ஆடப் போன க்ரேவன், முன்னால் விழுந்தவர்மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பி, வேலியில் மோதி, நான்கு நாளில் இறந்தார். இரண்டு முறை உலகச் சாம்பியன். மூரும் கால் முறிந்து அந்த ஆண்டோடு விலகினார். சவுத்தாம்ப்டன் தடமும் மூடப்பட்டது.

இப்படி இளைத்துப்போன நேஷனல் லீக்குக்கு ஆள் சேர்க்கத்தான் ஸ்பீட்வேயை நிர்வகித்த கட்டுப்பாட்டு வாரியம் ப்ராவின்ஷியல் பக்கம் கை நீட்டியது. 1963இல் அந்த லீக்கை வென்ற உல்வர்ஹாம்ப்டன் மேலே வர வேண்டும் என்றது வாரியம். உல்வர்ஹாம்ப்டன் மறுத்தது, மற்ற ப்ராவின்ஷியல் அணிகளும் அதன் பின்னால் நின்றன. வாரியம் உரிமத்தை நிறுத்தியது. ‘சரி, உரிமம் இல்லாமலே ஓடுகிறோம்’ என்று 1964 சீசனை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். அந்தத் தடங்களில் ஓடியவர்களுக்கு உலகப் போட்டியின் கதவு சாத்தப்பட்டது. நியூகாசில் அணியை அந்த ஆண்டின் ப்ராவின்ஷியல் சாம்பியனாக்கிய மாகரும் சாத்திய கதவுக்கு வெளியேதான் நின்றார்.

ஒரே வீட்டுக்குள்ளும் கோடு விழுந்தது. அண்ணன் நைஜல் பூகாக் கவென்ட்ரியில், வாரியத்தின் உரிமத்தோடு. தம்பி எரிக் பூகாக் மிடில்ஸ்ப்ரோவில், உரிமமில்லாத பக்கத்தில். இருவரும் நல்ல ஓட்டக்காரர்கள். ஆனாலும் ஒருவர் சட்டப்படி வீரர், மற்றவர் இல்லை.

யார் பக்கம் நியாயம் என்று இன்றும் பழைய ஆட்கள் வாதாடுவார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: விதி வாரியத்தின் பக்கம் இருந்தது, கூட்டம் ப்ராவின்ஷியல் பக்கம் இருந்தது. உரிமம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. ஊர் அணி ஓடுகிறதா என்று பார்த்தார்கள். அது தெளிவானபின் வாரியத்திடம் வேறு ஆயுதம் இல்லை.

வாரியத்துக்கு மேலிருந்த ராயல் ஆட்டோமொபைல் கிளப், லார்ட் ஷாக்ராஸ் தலைமையில் விசாரணை வைத்தது. நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள்மீது நடந்த வழக்கில் பிரிட்டன் தரப்பின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். ஆட்லி அரசின் அட்டர்னி ஜெனரல். அப்பேர்ப்பட்டவர் உல்வர்ஹாம்ப்டன் எந்த லீக்கில் ஓட வேண்டும் என்ற பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் காரியம் நடந்தது. இரு தரப்புப் புரமோட்டர்களும் பிரிட்டிஷ் ஸ்பீட்வே புரமோட்டர்கள் சங்கம் என்ற ஒரே அமைப்பில் சேர்ந்தார்கள். லீக்கும் ஒன்றானது.

சேர்ந்தது பதினெட்டு அணிகள். நேஷனலிலிருந்து ஆறு: பெல் வ்யூ, கவென்ட்ரி, ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்விண்டன், வெஸ்ட் ஹாம், விம்பிள்டன். ஏழாவதான நாரிச் வரவில்லை. ஃபுண்டின் ஓடிய நாரிச்சின் ஃபர்ஸ் மைதானத்தை 1964 சீசன் முடிந்ததும் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அதன் வீரர்கள் சிதறினார்கள். ஓல்லே நைக்ரன், ட்ரெவர் ஹெட்ஜ் இருவரும் விம்பிள்டனுக்குப் போனார்கள். மீதிப் பன்னிரண்டு அணிகள் ப்ராவின்ஷியல் வழி வந்தவை. மிடில்ஸ்ப்ரோ மூடியதும் ஃபியர்மன் தன் ஆட்களை ஹாலிஃபாக்ஸ் ஷே மைதானத்துக்குக் கொண்டுவந்து புது அணி தொடங்கினார். பன்னிரண்டில் அதுவும் ஒன்று. எண்ணிக்கையைப் பார்த்தாலே யார் யாரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பது விளங்கும்.

வீரர்களுக்கு இந்த லீக் என்றால் முதலில் சாலைதான். திங்களன்று எக்ஸிடரோ நியூகாசிலோ, செவ்வாய் வெஸ்ட் ஹாம், புதன் பூல், வெள்ளி உல்வர்ஹாம்ப்டன், சனி கவென்ட்ரி, ஸ்விண்டன். காரின் பின்னால் தாங்கி பொருத்தி வண்டியை ஏற்றிக்கொண்டு, மோட்டார்வே பாதிதான் போடப்பட்டிருந்த நாட்டில் தெற்கு முனையிலிருந்து ஸ்காட்லாந்து வரை ஓட வேண்டும். போய்ச் சேர்ந்தால் தடம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எக்ஸிடரில் ரக்பி மைதானத்தைச் சுற்றி ஓடும் நீளமான வேகத் தடம். வேலி முழுக்க எஃகுத் தகடு. மரவேலி மோதினால் கொஞ்சம் இடம் கொடுக்கும், எஃகு கொடுக்காது. அதனால் வெளியூர் வீரர்கள் அங்கே உள்பக்கமாகவே ஒதுங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் தகட்டை உரசிக்கொண்டு வெளிப்பக்கமாகக் கடந்து போவார்கள். ஹாலிஃபாக்ஸில் வளைவுகளே சரிவாக எழும்பியிருக்கும். பெரிய லீக் நட்சத்திரங்கள் இந்த ஊர்களுக்கு வந்து முதல் வளைவிலேயே பாடம் படித்தார்கள்.

வெஸ்ட் ஹாம் ஓடிய கஸ்டம் ஹவுஸ் மைதானம் லண்டன் துறைமுகத்தை ஒட்டியது. 1928இலிருந்து ஸ்பீட்வே நடந்த இடம். எட்டு சீசன் ஸ்பீட்வே இல்லாமல் கிடந்து 1964இல்தான் அது திரும்பத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை மாலை, தடத்தில் தண்ணீர் தெளித்து ஆட்கள் வாரியால் சமப்படுத்திக்கொண்டிருப்பார்கள். ஹெல்மெட்டின் மேலே துணி உறை: உள்ளூர் இணைக்குச் சிவப்பும் நீலமும், வந்தவர்களுக்கு வெள்ளையும் மஞ்சள்-கறுப்பும். தொடக்கக் கோட்டில் நாடா விர்ரென்று மேலே எகிறும். ஆமணக்கு எண்ணெய் எரியும் வாசனை எழும். வளைவில் நிற்பவர்மேல் தடத்தின் துகள் மழையாக விழும். ஓட்டம் முடிந்ததும் கூட்டம் முழுக்கக் குனிந்து, நிகழ்ச்சிப் புத்தகத்தின் கட்டத்தில் பென்சிலால் புள்ளியை எழுதும். இந்தக் கணக்கெழுதும் பழக்கம்தான் ஸ்பீட்வே ரசிகரைக் கால்பந்து ரசிகரிடமிருந்து பிரிக்கிறது என்பேன். 1972இல் அந்த மைதானம் போய்க் குடியிருப்பு வந்தது. அங்கே உள்ள தெருக்களுக்கு வில்கின்சன், க்ரூம்ப்ஸ், ஹாஸ்கின்ஸ் என்று ஸ்பீட்வேக்காரர்கள் பெயரைத்தான் வைத்தார்கள்.

டேவ் லேனிங் நிர்வகித்த அந்த 1965 அணிக்குக் கேப்டன் ஸ்காட்லாந்துக்காரர் கென் மக்கின்லே. நிதானம், அனுபவம், தன் இணைக்காரனைத் திரும்பிப் பார்த்து ஓடும் குணம் எல்லாம் சேர்ந்தவர். நார்வேயின் ஸ்வெர்ரே ஹார்ஃபெல்ட் அதற்கு நேர்மாறு: வெளிப்பக்கம், முழு வேகம். அடுத்த ஆண்டு உலக இறுதியில் இரண்டாம் இடம் பிடித்தவர். கூட நார்மன் ஹன்டர். பத்தொன்பது வயது மால்கம் சிம்மன்ஸ். ஒரே நட்சத்திரத்தை நம்பிய அணிகள் வெளியூரில் சரிந்தபோது இவர்கள் சரியாததற்கு இந்த ஆழம்தான் காரணம். லீக், நாக்அவுட் கோப்பை, லண்டன் கோப்பை மூன்றும் அந்த ஆண்டு கஸ்டம் ஹவுஸுக்கு வந்தன.

தனிநபர் பட்டங்கள் வேறு திசையில் போயின. செப்டம்பரில் வெம்ப்ளியில் க்நூட்சன் 14 புள்ளியோடு உலகச் சாம்பியனானார். சோவியத் வீரர் ஈகோர் ப்ளெகானோவும் ஃபுண்டினும் 13இல் சமனாக நிற்க, தனி ஓட்டத்தில் ப்ளெகானோவ் இரண்டாமிடத்தை எடுத்துக்கொண்டார். சீசன் முடிவில் லீக்கின் சிறந்த வீரர்களை மட்டும் பெல் வ்யூவுக்கு அழைத்து நடத்திய முதல் பட்டத்தை ஸ்விண்டனின் பிரிக்ஸ் வென்றார். 1970 வரை அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே தட்டில் ஏறியதும் கற்றுக்கொள்ளும் பையன்களுக்கு இடம் இல்லாமல் போனது. ப்ராவின்ஷியல் லீக் செய்துவந்த அந்த வேலைக்கு 1968இல் இரண்டாம் டிவிஷனைத் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் அணிகள் கரைந்துகொண்டே போன காலம் நின்றது. 1966இல் கிங்ஸ் லின் சேர்ந்து பத்தொன்பதானது. நாரிச்சின் அனாதை ரசிகர்களில் பலர் அங்கே போய் நின்றார்கள். அந்த இரண்டாம் ஆண்டில் லீக்கையும் நாக்அவுட் கோப்பையையும் வென்றது ஹாலிஃபாக்ஸ். அதன் முன்னணி ஓட்டக்காரர்கள் எரிக் பூகாக், எரிக் பூத்ராய்டு, டேவ் யங்ஹஸ்பண்ட். மூவரும் 1964இல் மிடில்ஸ்ப்ரோவில் உரிமமில்லாமல் ஓடியவர்கள்.