வெள்ளப் படங்கள் காட்டாத காலம்

வெள்ளத்தைக் களமாகக் கொண்ட பேரிடர்ப் படங்கள் மழை வலுக்கும்போதுதான் சூடுபிடிக்கின்றன. அணை திறக்கிறது, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, மீட்புப்பணி தொடங்குகிறது. ஆனால் சேதத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு முன்பே, வெயில் காலத்தில், தாழ்ந்த வயலில் லாரி லாரியாக மண் கொட்டப்படும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அந்த நீண்ட காலத்தைக் கதைக்குள் கொண்டுவராததே இவ்வகைப் படங்களின் பெருங்குறை.

ஜூட் ஆண்டனி ஜோசப் இயக்கிய மலையாளப் படமான ‘2018’ (2023), கேரளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைச் சொல்கிறது. கடலோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுப் பகுதிகளுக்கு விரைந்ததை அது உரிய மரியாதையோடு பதிவு செய்திருக்கிறது. எல்லோரும் நாயகர்களே என்பது அதன் துணைத்தலைப்பு. காப்பாற்றியவர்களே திரையை நிறைக்க, வயலை மேடாக்கியவரும் அதற்கு அனுமதி தந்தவரும் பார்வைக்கு எட்டாமல் போகிறார்கள்.

அந்த வெள்ளத்தில் இரண்டு வாரம் மூடிக்கிடந்த கொச்சி விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். 1999இல் நெடும்பாசேரியில் திறக்கப்பட்ட அந்நிலையம், பெரியாற்றை அடுத்து நெல்வயல்கள் விரிந்துகிடந்த தாழ்நிலத்தில் அமைந்தது. ஆறு கரைபுரளும்போது நீர் பரவி, தங்கி, மெல்ல வடியும் இடம் அது. இத்தகைய நிலத்தில் ஒரு ஹெக்டேரை ஒரு மீட்டர் உயர்த்தினால், அங்கே நின்றிருக்கக்கூடிய ஒரு கோடி லிட்டர் நீர் அக்கம்பக்கத்து வீடுகளைத் தேடிப் போகும். விமான நிலையம் 2013இலும் 2019இலும்கூட வெள்ளத்தால் மூடப்பட்டது. ஆகவே நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பேரிடர் என்ற சமாதானம் இந்நிலத்துக்குப் பொருந்தாது.

அபிஷேக் கபூரின் ‘கேதார்நாத்’ (2018) ஓரடி முன்னே செல்கிறது. கேதார்நாத்தில் விடுதி கட்டும் முயற்சியை நாயகன் எதிர்க்கிறான். எனினும் 2013 ஜூனில் சோராபாரி ஏரி உடைந்து வந்த வெள்ளம், காதலைப் பிரித்த ஊருக்குக் கிடைத்த தண்டனையாகவே உச்சக்காட்சியில் வந்து சேர்கிறது. கட்டடங்களைப் பற்றிய கேள்வி அதில் மூழ்கிவிடுகிறது.

காரணத்தைச் சொல்லத் திரைக்கு வலு இல்லை என்பதல்ல. பேர் லோரன்ட்ஸின் ‘தி ரிவர்’ (1937) அரைமணி நேரத்தில் காடழிப்பு, பருத்திச் சாகுபடி, மண்ணரிப்பு என மிசிசிப்பி வெள்ளத்தின் வேர்வரை போனது. ஆனால் அது நம்பியது டென்னசிப் பள்ளத்தாக்கின் அணைகளை. புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1945இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உலுக்கியது. அணையும் கரையும் தரும் தைரியத்தில் ஆற்றோரம் குடியிருப்புகள் பெருகுகின்றன. அடுத்த பெருவெள்ளத்தில் இழப்பும் பெருகுகிறது.

இதற்குச் சான்று ‘2018’ படத்தின் களத்திலேயே உண்டு. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 1992க்குப் பின் 26 ஆண்டுகள் திறக்கப்படவே இல்லை. ஆறு வற்றிக்கிடந்த அக்காலத்தில் அணைக்குக் கீழே நீர்வழியை ஒட்டியே ஊர் வளர்ந்தது, பேருந்து நிலையம் உட்பட. 2018 ஆகஸ்ட் 9இல் மதகு உயர்ந்தது. அடுத்த சில நாட்களில் அந்தப் பேருந்து நிலையத்தை ஆறு அரித்துச் சென்றது.