அம்மாவின் மாத்திரையும் ரூஸ்வெல்ட்டின் தலைவலியும்



நேற்று அபிராமபுரம் வீட்டில் பீரோவை ஒழித்தபோது அம்மாவின் பிபி மாத்திரை அட்டை கிடைத்தது. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

முதல் மூளை ரத்தக்கசிவிலிருந்து பிழைத்து, நடந்தே வீடு திரும்பியவர் அம்மா. "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலியே" என்று ஆறே மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். கூடவே இருந்த நானும் கவனிக்கவில்லை. மறு ஆண்டு இரண்டாவது கசிவு. அதிலிருந்து அவர் மீளவில்லை.

மூளையின் ஆழத்தில் நூல் போன்ற தமனிகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தம் மோதினால் அவற்றின் சுவர் நைந்துபோகும். ஒன்று வெடித்து ஆறினாலும் மற்றவை அதே பழுதோடுதான் இருக்கும். அதனால்தான் கசிவு திரும்ப வருகிறது. 1868-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் ஷார்கோவும் பூஷாரும் இந்தத் தமனிகளில் சிறு புடைப்புகளைக் கண்டு எழுதினார்கள்.

கண்டும் என்ன, மருந்து இல்லையே! அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அழுத்தம் 186/108. 1945 பிப்ரவரியில், யால்டா மாநாட்டின்போது 260/150. ஏப்ரல் 12 அன்று பின்மண்டையில் கடும் வலி என்றார்; அழுத்தம் 300-ஐத் தொட்டது. சில மணி நேரத்தில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். உப்பைக் குறை, ஓய்வெடு என்பதற்கு மேல் மருத்துவர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

ஆனால் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைக்கும் என்று கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதியிருந்தார்கள். உலகம் கவனிக்கவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதிய பிறகுதான் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் அதைவிட நல்ல மருந்துகள் வந்தன.

அவை பலன் தருமா? ஏற்கெனவே பக்கவாதம் கண்ட 6,105 பேரிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. அழுத்தத்தைக் குறைத்தவர்களிடம் மூளை ரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. அம்மாவுக்கோ அது பீரோவிலேயே இருந்தது.

ஒன்றும் செய்யவில்லை என்பதால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் ஒன்றும் செய்யவில்லை. மாற்றுவதோ குறைப்பதோ மருத்துவரைக் கேட்டு மட்டும்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த பழக்கம் போகவில்லை. இன்று மாத்திரை போட்டவர்கள் கீழே "உள்ளேன் டீச்சர்" என்று எழுதுங்கள்.